மத்தாப்புக்கு வாழைப்பூ

எங்கள் லோரிகீட் கிளிக்கு மத்தாப்பு என்று பெயர் வைத்தது நான்தான். நீலத் தலை, ஆரஞ்சு மார்பு, பச்சை முதுகு. வந்து ஒன்றரை மாதத்தில் அது என் கையில் ஒருமுறைகூட உட்காரவில்லை. கடித்ததை எண்ண விரல் போதவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பு என் பேச்சைக் கேட்கும். நூறு கிராம் பறவையிடம் என் பருப்பு வேகவில்லை.

மனைவி ஜெயக்கொடி கெடு வைத்துவிட்டாள். “ஏனுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள அது கைக்கு வரோணும். இல்லீன்னா என் தம்பி ஜேக் கொண்டு போகட்டும். அவன் ஊட்டுல பெரிய கூண்டு இருக்குது. இங்க பயந்தே செத்துப்போகுமுங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் வேதனை.

கரைத்து வைக்கும் தேன்பொடியைக் குடித்துவிடும். ஆனால் கைக்கு வரவழைக்க அதைவிட ருசியாக ஏதாவது வேண்டுமே. வறுகடலை, கம்பு, சூரியகாந்தி விதை என்று மாப்பிள்ளை விருந்தே வைத்தேன். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு என் விரலைக் கடித்தது.

ஞாயிறு காலை, கோயில் முடிந்து வந்ததும் அதை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, அது நாக்கு பிரஷ் மாதிரிங்க. பூவுல தேன் நக்குறதுங்க. கொட்டையக் குடுத்தா என்னங்க பண்ணும்?”

சமையலறைக்கு ஓடினேன். ஜெயக்கொடி வடைக்கு வாழைப்பூ உரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நிற்கும், மருந்தே அடிக்காத எங்கள் மரத்துப் பூ. ஒன்றைப் பிடுங்கிக் கூண்டைத் திறந்து நீட்டினேன். பதற்றத்தில் பூ ஆடியது. மத்தாப்பு மூலைக்கு ஓடியது.

“உங்க கை கரண்டு அடிச்ச மாதிரி ஆடுதுங்க. இங்க குடுங்க.”

அவள் நீட்டினாள். மத்தாப்பு தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஓரடி, இன்னோரடி. அவள் மணிக்கட்டில் ஏறி, பூவுக்குள் நாக்கை விட்டது.

வாசலில் ஜேக், காலிக் கூண்டோடு. “அக்கா, எடுத்துட்டுப் போலாங்களா?”

“சத்தம் போடாத கண்ணு. சாப்புடுது.”

“மச்சான் கைக்கு வந்துதுங்களா?”

“ஊட்டுல ஒருத்தர் கைக்கு வந்தாப் போதாதா? கூண்ட வெளியவே வெய்யி. வடை இல்ல, காப்பி குடி.”

அடுத்த பூவை அவளிடம் கொடுக்கப் போனேன். மத்தாப்புக்குப் பொறுமையில்லை. அவள் கையிலிருந்தபடியே கழுத்தை நீட்டி, என் விரலில் வைத்தே நக்கியது. ஈரமாக, சொரசொரவென்று. கடிக்கவில்லை.

“மாப்ள,” என்றேன் மெதுவாக, “பின்னால இன்னொரு மரத்துல பூ தள்ளியிருக்குது. ஓடிப்போய் அறுத்துட்டு வா.”