சின்னச்சாமிக்குச் சாட்சி

இலங்கையின் கண்டிச் சீமைக்குக் கூலியாட்கள் கப்பலேறக் கூடாது என்று சர்க்கார் போட்ட தடை சில வருஷங்களுக்குப் பிறகு கொஞ்சம் தளர்ந்தது. தடைக்கு முன்பே அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், அதை நிரூபித்தால் திரும்பிப் போகலாம். விசாரிக்க ஓர் அதிகாரி ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா கச்சேரிக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் வன்னியம்பட்டி ஜெபதுரை வீட்டில் பெட்டியைத் தூசி தட்ட ஆரம்பித்தார்கள். தகப்பனாரை அடக்கம் பண்ண ஊருக்கு வந்த இடத்தில் தடையில் மாட்டிக்கொண்டவர் அவர். மழை பொய்த்த ஊரில் அவருக்கும் மனைவி ஏசம்மாளுக்கும் பிழைப்பு நொண்டிக்கொண்டிருந்தது.

ஏசம்மாளின் தம்பி தேவஇரக்கமும் அதே தோட்டத்தில், அதே லயத்து வரிசை வீட்டில் இருந்து, அவர்களோடு ஊருக்கு வந்தவன்தான். ஆனால் கங்காணி, பெயர் வாயில் நுழையவில்லை என்று அவனைச் ‘சின்னச்சாமி’ என்று பதிந்துவிட்டார். அந்தச் சின்னச்சாமி இவன்தான் என்று, அங்கே வேலை பார்த்த ஆண் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

“அதுக்கென்ன மாப்ளே, நான் இருக்கேன்லா!” என்றார் ஜெபதுரை. ஏசம்மாள் அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

கச்சேரியில் ஜெபதுரையின் முறை சிக்கலில்லாமல் முடிந்தது. தோட்டத்துச் சான்று கையில் இருந்தது. அவருக்கும் மனைவிக்கும் அனுமதி என்று அதிகாரி சொல்லிவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. அடுத்து தேவஇரக்கம் வந்து நின்றான்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு ஜெபதுரையை நிமிர்ந்து பார்த்தார். “இந்தாளுக்கு நீர்தான் சாட்சியா? உறவுக்காரனுக்காகப் பொய் சொல்ல வந்த ரெண்டு பேரோட அனுமதியைக் காலையில ரத்து பண்ணியிருக்கேன். யோசிச்சுச் சொல்லும். இவன் அந்தத் தோட்டத்துல இருந்தானா?”

சொல்ல வேண்டியது உண்மைதான். காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவிய வருஷம், நினைவு தப்பிய ஜெபதுரையை மழையில் முதுகில் சுமந்து, மலை இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் இவன். ‘இருந்தான்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் கண் கையெழுத்தாகாத அந்தத் தாளிலேயே நின்றது.

“ஒரே ஊருங்கய்யா,” என்றார். “தோட்டத்துல பாத்ததா ஞாபகம் இல்ல.”

“அடுத்த ஆள்,” என்றார் அதிகாரி.

வெளியே வந்து இருவரும் ஊர்ப் பாதையில் நடந்தார்கள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினால் தேவலை என்றிருந்தது ஜெபதுரைக்கு.

“பயந்துட்டியளா அத்தான்?” என்று கேட்டான் அவன், ஆதரவாக. “அக்காட்ட சொல்லாண்டாம். பேரு பொருந்தலன்னு தள்ளிட்டாகன்னு நான் சொல்லிக்கிடுதேன்.”

அப்படியே சொன்னான். “எம்புட்டு சொல்லியிருப்பேன், தைரியமாப் பேசுலேன்னு! வாயில்லாத பய,” என்று ஏசம்மாள் தம்பியைத்தான் வைதாள். ஜெபதுரை தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கச்சேரிக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். அதிகாரி உள்ளே இருந்தார். வாசலில் நின்ற சேவகன், “என்ன வேணும்?” என்றான்.

“குடிக்கத் தண்ணி,” என்றார் ஜெபதுரை. குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பயணத்தன்று தேவஇரக்கம் பெட்டியைத் தலையில் சுமந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்வரை வந்தான். அதே தோட்டத்துக்குத் திரும்பும் ரோசம்மாளும் அங்கே நின்றாள். அவனைக் கண்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி ஏசம்மா, ஒன் வீட்டுக்காரர் ஒத்த வார்த்த சொல்லியிருந்தா இவனும் வந்திருப்பான்லா? ஞாபகம் இல்லைன்னுட்டாரே! வரிசையில பின்னாலதான நின்னேன்.”

ஏசம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். பிறகு புருஷனைப் பார்த்து, “நெசமா?” என்றாள். ஜெபதுரை ரயில் வரும் திசையைப் பார்த்தார்.

அவள் சத்தம் போடவில்லை. பெட்டியைத் திறந்து தன் சேலைகளை எடுத்து மூட்டையாகக் கட்டினாள். “இவனுக்குப் பொங்கிப் போட ஆள் வேணும். நீங்க போங்க,” என்றாள்.

ரயில் வந்தது. இறங்கி நின்றுவிடலாமா என்று ஏறிய பிறகும் நினைத்தார். நின்றுவிட்டால், செய்த துரோகத்துக்கு ஒரு பலனும் இல்லாமல் போய்விடுமே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் கூசினார். பெட்டியை ஜன்னல் வழியாகக் கொடுத்தவன் தேவஇரக்கம்தான்.

தோட்டத்தில் முதல் நாள் காலை, ஆட்களை எண்ணிக்கொண்டு வந்த கணக்கப்பிள்ளை சுயம்புலிங்கம் அவர் முன்னால் நின்றார். “ஜெபதுரையா? வாரும். சின்னச்சாமி எங்க? செடி வெட்ட அவனை மாதிரி கை கெடையாதே.”

கூடையோடு நின்ற ரோசம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“அவனுக்கு ஊரே போதுமாம்யா,” என்றார் ஜெபதுரை.

ரோசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேட்டில் ஏறினாள். ஜெபதுரை கத்தியை எடுத்துக்கொண்டு தன் செடி நிரைக்குப் போய்க் குனிந்தார். கணக்கப்பிள்ளை அடுத்த மலைக்குப் போன பிறகும் நிமிரவில்லை.