கதவை இழுத்துப் பார்த்தவன்

1

இந்தக் கதை எனக்குத் தவறிப்போய் வந்தது. என் கைபேசி எண் எனக்கு முன்னால் யாரோ ஒரு பெற்றோரிடம் இருந்திருக்கிறது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் இந்த அமெரிக்கப் புறநகரின் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் என்னை விடுவதாக இல்லை. பனி விழுந்தால் விடுமுறை என்று செய்தி அனுப்பும். பேன் பரவுகிறது, பிள்ளைகளின் தலையைப் பாருங்கள் என்று சொல்லும். போன பிப்ரவரியில் இப்படி ஒன்று வந்தது: “இன்று காலை ஒரு நபர் ஹார்லன் நடுநிலைப்பள்ளியின் வெளிக்கதவுகளைத் திறக்க முயன்றார். மாணவர்கள் அனைவரும் பத்திரமாக இருக்கிறார்கள்.”

யார் அந்த நபர்? அதன்பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. வேறு வழியில்லாமல் அவனை நானே கற்பனையில் செய்துகொண்டேன்.

2

முதல் தொடக்கம்: “ரஸ் ஹ்லாடிக் கெட்டவன் அல்ல.” அடித்துவிட்டேன். இப்படிச் சொன்னால் உடனே அவனைச் சந்தேகப்படுவீர்கள்.

இரண்டாவது: “கிளீவ்லாந்துக்குத் தெற்கே, ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு நடுவே—” வேண்டாம். வீடுகளைப் பற்றி எவனுக்குக் கவலை.

மூன்றாவது இருக்கட்டும். சூப்பர் மார்க்கெட்டுகளில் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ரஸ், ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகும் மகள் கோரினை எந்தப் பள்ளியில் போடுவது என்ற யோசனையில் சரியாகச் சாப்பிடுவதைக்கூட விட்டிருந்தான். மாவட்டத்தில் இரண்டு நடுநிலைப்பள்ளிகள். எதில் வேண்டுமானாலும் இடம் கேட்கலாம், மாத முடிவுக்குள் கேட்க வேண்டும்.

“ரிட்ஜுக்குப் பத்துக்கு ஒம்பது போட்டிருக்கான். ஹார்லனுக்கு ஆறு. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் அவன் மனைவி மார்லீன். பள்ளிகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் இணையதளம் அவள் மடியில் திறந்திருந்தது.

“ரிட்ஜுல முன்பக்கம் பூரா கண்ணாடி.”

“நல்லதுதானே. வெளிச்சம் வரும்.”

“வெளிச்சம் மட்டுமா வரும்?”

“அன்னிக்கு நீ பள்ளிக்கூடம் பாக்க வந்தியா, பேங்க்கைக் கொள்ளையடிக்க வேவு பாக்க வந்தியா? மத்த அப்பனுங்க கணக்கு டீச்சர் எப்படின்னு கேக்குறாங்க. நீ தாழ்ப்பாளையே பாத்துக்கிட்டு நிக்கிற. எனக்கு மானமே போச்சு.”

“கணக்கு வரலன்னா டியூஷன் வச்சுக்கலாம்.”

மார்லீன் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

[இந்த இடத்தில் எனக்கும் மார்லீனுக்கும் சண்டை. மதிப்பெண்ணைக் கட்டிக்கொண்டு அழும் அசடாக அவளை எழுதியிருந்தேன். அவள் அப்படியில்லை. அவளுக்கும் அதே பயம்தான். ஒன்பது வாங்கிய பள்ளியில் அது நடக்காது என்று நம்ப அவளுக்கு ஒரு எண் தேவைப்பட்டது.]

அது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. பெற்றோர் கூட்டத்தில் “பாதுகாப்பெல்லாம் எப்படி?” என்று ஒருவர் கேட்பார். “அதுதான் எங்கள் முதல் அக்கறை” என்பார் தலைமையாசிரியர். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு இசைக்குழுவைப் பற்றிப் பேச்சு போகும். துப்பாக்கியோடு ஒருவன் வந்தால் இந்தக் கதவு தாங்குமா என்று வாய்விட்டுக் கேட்டவர் கிடையாது.

ரஸ்ஸும் கேட்கவில்லை. குளிர்பெட்டியின் கதவு சரியாக மூடுகிறது என்று கடைக்காரர் சொல்வதை அவன் என்றைக்கும் நம்பியதில்லை. இழுத்துப் பார்ப்பான். அவன் தொழில் அது.

3

போன வாரம் ரிட்ஜ். காலை வேளையில் காரை ஓரம்கட்டிவிட்டுக் கட்டிடத்தைச் சுற்றினான். உடற்பயிற்சிக் கூடத்துப் பக்கக் கதவு இழுத்ததும் திறந்துகொண்டது. யாரோ காற்றுக்காக ஒரு மரத்துண்டைச் செருகி வைத்திருந்தார்கள். யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஒன்பது வாங்கிய பள்ளி.

இன்று ஹார்லன். முதல் கதவு இறுக்கம். இரண்டாவதும் இறுக்கம். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவனுக்கு ஒரு பள்ளியைப் பிடித்தது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு பள்ளிகளுக்கும் கூட்டிப்போய்க் காட்டுவது இங்கே வழக்கம். கோரினின் வகுப்பு இன்று ரிட்ஜுக்குப் போவதாக இருந்தது. பேருந்து கிடைக்காமல், நடந்தே போகக்கூடிய ஹார்லனுக்கு மாற்றிவிட்டார்கள். செய்தி அனுப்பியிருந்தார்கள். ரஸ் படிக்கவில்லை.*

* இவ்வளவு பயப்படுகிறவன் படிக்காமல் இருப்பானா என்று கேட்பீர்கள். அந்த மாவட்டம் அனுப்புவதெல்லாம் எனக்கும் வருகிறது. யாராலும் படிக்க முடியாது.

மூன்றாவது கதவின் கைப்பிடியில் கை இருக்கும்போது கைபேசி அதிர்ந்தது. கோரினின் செய்தி.

“அப்பா நாங்க ஹார்லன்ல இருக்கோம். லைட்டெல்லாம் அணைச்சு எங்கள ஒளிய வச்சிருக்காங்க. வெளிய எவனோ கதவ இழுக்குறான்.”

4

இங்கே பல நாள் நின்றுவிட்டேன்.

“அந்த எவனோ தான்தான் என்று உணர்ந்த ரஸ்—” பொய். பயந்தவன் தன்னைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரஸ் திரும்பிப் பார்த்தான். கார்கள், ஓரத்தில் ஒதுக்கிய அழுக்குப் பனி. ஆளில்லை. அப்படியானால் கதவை இழுப்பவன் கட்டிடத்தின் அந்தப் பக்கம் இருக்கிறான் என்று நினைத்தான். ஓடினான். கண்ணில் பட்ட கதவையெல்லாம் இழுத்தான். கதவு தாங்குமா என்ற கவலை இப்போது இல்லை. உள்ளே போக வேண்டும், அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். ஒன்றும் அசையவில்லை. அப்படி அசையாத கதவைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான். வலது முஷ்டியால் இரும்பைக் குத்தினான், திரும்பத் திரும்ப.

கதவுக்கு அந்தப் பக்கம், இருட்டில், முப்பது பிள்ளைகள்— (இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அழாமல் இருக்க முயலும் பிள்ளைகள் என்ன சத்தம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.)

மறுபடி அதிர்ந்தது.

“இப்ப ஓங்கி ஓங்கிக் குத்துறான்பா.”

ரஸ் அதைப் படித்தான். அடுத்த குத்துக்கு ஓங்கியிருந்த தன் கையைப் பார்த்தான்.

5

“கைய மேல தூக்குடா! தூக்கு! திரும்பாத!”

பள்ளிக் காவலர் டாலிவர். இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்திருந்தார். ரஸ் கைகளைத் தூக்கினான். கைபேசி கீழே விழுந்தது.

“மெதுவாத் திரும்பு... யோவ். ரஸ்ஸா? சாஃப்ட்பால் டீம் ரஸ்ஸா?”

“நான்தான்.”

“அடப்பாவி மனுஷா. என் விரல் எங்க இருந்துச்சு தெரியுமா?”

துப்பாக்கியை உறையில் போட முயன்றார். முதல் முறை உறை கிடைக்கவில்லை.

ரஸ் சொன்னான்: “கதவெல்லாம் நல்லா இருக்கு.”

“வாய மூடு, ரஸ்.”

விசாரித்து, திட்டி, கடைசியில் டாலிவர் அவனைக் கார்வரை கொண்டுவந்து விட்டார். “பேர வெளிய விட மாட்டேன். ஒரு நபர்னு போடச் சொல்றேன். வீட்டுல என்ன சொல்றதுன்னு நீயே பாத்துக்க.”

[காவலர் இவ்வளவு லேசில் விடுவாரா? வேறு தோல் நிறத்தில், சாஃப்ட்பால் ஆடாத ஒருவனாக இருந்திருந்தால் கதை இந்தப் பகுதியின் முதல் வரியிலேயே முடிந்திருக்கும். எழுதிப் பார்த்தேன். முடிந்துவிட்டது.]

6

சாப்பாட்டு மேசை. மக்ரோனியும் சீஸும். மார்லீனுக்கு இன்னும் முகத்தில் ரத்தம் திரும்பவில்லை. அந்த நபர் யாரென்று அவளுக்குத் தெரியாது. கோரின் மட்டும் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“நான் ஹார்லனுக்கே போறேன். அந்த டீச்சர் மேசைய இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்து அதுமேல ஏறி உக்காந்துட்டாங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ரிட்ஜுல இப்படிச் செய்வாங்களான்னு நமக்குத் தெரியாதுல்ல?”

“பேசாம சாப்பிடு” என்றாள் மார்லீன்.

“அப்பா. அந்த ஆளு திரும்ப வருவானா?”

ஒரு முடிவில் ரஸ், “வரமாட்டான்மா” என்கிறான். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கிறாள் கோரின். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் உண்மையைச் சொல்லிவிடுகிறான். நல்ல மனிதன். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு முறை ஒளிந்துகொள்ளும் பயிற்சி வரும்போதும், விளக்கு அணைந்ததும், கதவுக்கு வெளியே அவள் யார் முகத்தைப் பார்ப்பாள்? அதற்கு மேல் எழுத வரவில்லை.

மூன்றாவதில் மார்லீன் தலையைத் தூக்கி அவனைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பிள்ளை வளர்ப்பவராக இருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சீக்கிரம் சொல்லுங்கள். ரஸ்ஸின் வலது கை மேசைக்குக் கீழே, விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்து வீங்கிக் கிடக்கிறது. உப்பு அவன் வலது பக்கம்தான் இருக்கிறது. கோரின் உப்பைக் கேட்டுக் கையை நீட்டிவிட்டாள்.