பழைய சம்பளம் எவ்வளவு?

1

இந்தக் கதை பேருந்தில் கிடைத்தது. வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு வரும் வண்டி. முன்னிருக்கையில் ஒரு பெண் கைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டு வந்தாள்.

"பழைய சம்பளத்தக் கேட்டாங்க, சொல்லித் தொலைச்சேன். அதுக்கு மேல கொஞ்சம் போட்டுக் குடுத்துட்டாங்க. எனக்கு முன்னாடி இருந்தவன் அம்புட்டு வாங்கியிருக்கான், பின்னாடிதான் தெரிஞ்சுச்சு."

செம்பட்டியில் இறங்கிப் போய்விட்டாள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவள் சொல்லாமல் இருந்திருந்தால்?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நர்கீஸ் நடுங்கும் கைகளோடு…"

வேண்டாம். வேலை கேட்டுப் போகிறவளுக்குக் கை எதற்கு நடுங்க வேண்டும்?

நர்கீஸ் திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், கப்பலேறும் சரக்குக்கான ஆவணங்களைத் தயாரித்துவந்தாள். அதை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு நூற்பாலையில் அதே வேலைக்கு நேர்காணல். முந்தின நாள் கணவன் இஷாக் வழி சொல்லிக்கொடுத்தான்.

"பழைய சம்பளத்தக் கூட்டிச் சொல்லு. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"சம்பளச் சீட்டக் கேட்டா, மச்சான்?"

"அப்ப உள்ளதச் சொல்லு."

"உள்ளதச் சொன்னா அதுலருந்துதான் பேரம் தொடங்கும். ரெண்டையும் சொல்ல மாட்டேன்."

"வெளிய போன்னு சொல்லிட்டா?"

"வீட்டுக்கு வாரேன்."

(அந்தச் சம்பளம் எவ்வளவு என்று நீங்களும் கேட்பீர்கள். உங்களுக்கும் சொல்வதாக இல்லை.)

3

மேலாளர் பொன்னுத்துரை வேலையைப் பற்றிக் கேட்ட எதிலும் அவள் தடுமாறவில்லை. சுங்கத்தில் சரக்கு மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்றார். தான் மீட்டுக்கொண்டுவந்த ஒரு சரக்கின் கதையைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"கடைசியா என்ன சம்பளம்மா வாங்குனீங்க?"

"அது அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் உள்ளது சார். இந்த வேலைக்கு நீங்க என்ன வச்சிருக்கீங்க?"

அவர் சிரித்தார். "வேலை கேட்டு வந்தது நீங்களா, நாங்களா?"

"ஆள் கேட்டு விளம்பரம் குடுத்தது நீங்கதான சார்?"

சிரிப்பு நின்றது.

"வீட்டுக்காரரும் சம்பாதிக்கிறாருல்ல? அப்புறம் எதுக்கும்மா இம்புட்டுக் கறாரு?"

(இந்த இடத்தில், பக்கத்தில் இருந்த ஒரு பெண் அதிகாரி எழுந்து நர்கீஸுக்காகப் பேசுவதாக ஒரு பத்தி எழுதினேன். பத்தி நன்றாகத்தான் வந்தது. ஆனால் நர்கீஸ் துணைக்கு ஆள் கேட்கவில்லையே. எடுத்துவிட்டேன்.)

"இதுக்கு முன்னாடி இந்த வேலையில யாரு சார் இருந்தாங்க?"

"முகேஷ்குமார்னு ஒருத்தர்."

"அவரு சம்சாரம் சம்பாதிக்குதான்னு அவருகிட்டக் கேட்டீங்களா?"

பொன்னுத்துரை பேனாவை மூடினார்.

"அவருக்குக் குடுத்தத எனக்கும் குடுங்க சார். வேலையில அவரவிடக் குறைச்சல்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, நானே எந்திரிச்சுப் போறேன்."

"யோசிச்சுச் சொல்றோம்."

"சரிங்க சார். தொகையோட சொல்லுங்க."

நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வந்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவளுக்குப் பயமே இல்லை என்று நான் எழுத மாட்டேன். பயத்தோடுதான் கேட்டாள்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஆலையிலிருந்து அழைப்பு வருகிறது, முகேஷ்குமாரின் சம்பளம் அப்படியே. இன்னொன்றில் அழைப்பே இல்லை. இஷாக், "வாயக் கொஞ்சம் கட்டியிருக்கலாம்ல…" என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறான்.

கதையைப் படித்த நண்பர்கள் வேலையைக் கொடுத்துவிடு என்கிறார்கள். கொடுத்தால், வேலை கிடைத்ததால்தான் அவள் கேட்டது நியாயம் என்றாகிவிடும். கொடுக்காவிட்டால் வாய்க்கொழுப்பு என்றாகிவிடும். நான் இரண்டுக்கும் உடன்பட மாட்டேன். அவள் கேட்டது, கேட்ட அந்த நிமிடத்திலேயே சரி.

எனவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வேலை கொடுங்கள், கொடுக்காமல் போங்கள். ஆனால் அவளை அந்த அறைக்குத் திரும்ப அழைத்துப்போய் மன்னிப்பு மட்டும் கேட்கவைக்காதீர்கள். கேட்க மாட்டாள். எழுதிப் பார்த்துவிட்டேன்.