இரண்டு மணி வரை தண்ணீர் குடிக்காதவள்

"ஏன் நின்னுக்கிட்டே பசியாறுற?" என்று கேட்டாள் மயிலம்மாள்.

"சும்மாதான்."

"மூணு நாளா பாக்கறேன். சாக்கு விரிச்சுக் குடுத்தாலும் உக்கார மாட்டேங்கற. முள்ளா குத்துது?"

ரொட்டியை மென்றுகொண்டே இருந்தாள் பஞ்சாலை. மலேசியாவில், கோலா பிலாவுக்கு அப்பால், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருவரும் பதினெட்டு வருஷமாக உதிரிப் பழம் பொறுக்குகிறார்கள். மயிலம்மாளிடம் பொய் நிற்காது.

"ரத்தம் போவுது, மயிலு."

"எப்ப?"

"வெளிக்கு உக்காரும்போது."

"எத்தனை நாளா?"

"தீபாவளிக்கு முன்னாடியே."

"அடிப்பாவி, மூணு மாசமா? மோகனாவுக்குத் தெரியுமா?"

"மககிட்ட எப்படிச் சொல்றது? சிரம்பான்ல வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவா." பஞ்சாலையின் குரல் இறங்கியது. "எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. குடல்ல கேன்சர்னாங்க. ஏழே மாசம்."

"அதான் டாக்டர்கிட்ட போகலையா?"

"போனா சொல்லிடுவாங்களே."

"போகாட்டி மட்டும் அது பயந்து ஓடிடுமா? நாளைக்குக் கிளினிக். இல்லன்னா இப்பவே மோகனாவுக்குப் போன் போட்டுடுவேன் லா."

மறுநாள் கிளினிக்கில் நல்லவேளையாகப் பெண் டாக்டர். பெயர் குமுதினி. பக்கவாட்டில் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார். கையுறை போட்ட விரல். பிறகு சில்லென்று ஒரு சின்னக் குழாய். பஞ்சாலை மயிலம்மாளின் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"மூலம் இருக்கு அம்மா. உள்ளே ரத்தக்குழாய் வீங்கியிருக்கு."

"அப்ப கேன்சர் இல்லையா, டாக்டர்?"

டாக்டர் உடனே 'இல்லை' என்று சொல்லவில்லை.

"அக்காவுக்கு இருந்ததுன்னு சொன்னீங்க. உங்களுக்கும் வயசு ஐம்பத்திரண்டு. ரத்தம் மூலத்திலேருந்தும் வரலாம், குடலுக்கு உள்ளேருந்தும் வரலாம். ஒண்ணைப் பார்த்திட்டேன். மற்றது இல்லைன்னு கேமரா விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

டாக்டர் எழுதிக்கொண்டே மேலும் கேட்டார்.

"மலம் இறுகிப் போகுதா?"

"கல்லு மாதிரி."

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"காலைல பெரட்டுல பேர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கோப்பி. அப்புறம் வேலை முடிஞ்சு ரெண்டு மணிக்கு."

"அந்த வெயில்லேயா? ஏன்?"

மயிலம்மாள் முந்திக்கொண்டாள். "குடிச்சா ஒதுங்கணுமே டாக்டர். எங்க ஒதுங்கறது? மட்டைக் குவியலுக்குப் பின்னாடி போனா நாகம் கெடக்கும். இந்தப் பக்கம் வந்தா வேலைய மேய்க்கற மண்டோர் மோட்டார் சைக்கிள்ல வந்துடுவான். நாங்க பொம்பளைங்க யாருமே குடிக்கறதில்ல. வயித்தைக் கலக்கினாலும் அடக்கிக்குவோம்."

குமுதினி பேனாவைக் கீழே வைத்தார்.

"அடக்கினா இறுகும். இறுகினா முக்குவீங்க. முக்க முக்க வீங்கும். மருந்து தர்றேன். வெதுவெதுப்பான தண்ணியிலே தினமும் பத்து நிமிஷம் உட்காருங்க. கீரை, பப்பாளி சாப்பிடுங்க. ஆனா தண்ணி குடிக்காட்டி நான் தர்றது எதுவும் நிலைக்காது அம்மா."

சிரம்பானில் தேதி கிடைக்கப் பதினாறு நாள். மருந்தில் ரத்தம் குறைந்தது, பயம் குறையவில்லை. கக்கூஸில் கண்ணை மூடிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். இன்றைக்கு ரத்தம் இல்லை என்றால் நாளைக்கு வரும். நாளைக்கும் இல்லை என்றால் உள்ளேயே எங்கோ தேங்குகிறது.

ஒருநாள் வீட்டுச் சாவியை மயிலம்மாளிடம் நீட்டினாள்.

"எனக்கு ஏதாச்சும்னா கோழிக்கெல்லாம் தீனி போடு."

"அறுத்துக் கொழம்பு வெச்சுடுவேன். சாவிய உள்ள வை."

சோதனைக்கு முந்தின நாள், குடலைக் கழுவ மருந்து கலந்த தண்ணீர் போத்தல் போத்தலாகக் குடிக்க வேண்டியிருந்தது.

"இத்தனை வருஷம் குடிக்காததையெல்லாம் ஒரே நாள்ல வசூல் பண்றாங்கடி" என்றாள் பஞ்சாலை. சிரிக்கப் பார்த்தாள். அடுத்த போத்தலை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தபோது மோகனா கட்டிலருகே நின்றாள்.

"நீதான் சொன்னியா?" என்று பஞ்சாலை மயிலம்மாளைப் பார்த்தாள்.

"நாந்தான். அடிக்கறதுன்னா அப்புறமா அடி."

இளம் டாக்டர் ஒருவர் தாளைப் புரட்டினார். "குடல் முழுக்கப் பாத்துட்டோம். கட்டி எதுவும் இல்ல. மூலம் மட்டும்தான்."

"இன்னொரு தடவ சொல்லுங்க, தம்பி."

சொன்னார்.

"இன்னொரு தடவ."

"அம்மா, போதும்மா" என்று மோகனா அழுதாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. செம்பனை வரிசைக்கு நடுவில் பஞ்சாலை போத்தலைத் திறந்து பாதி குடித்தாள். அரை மணி நேரத்தில் முகம் மாறியது.

"மயிலு, வருது."

"வரட்டும். அதுக்குத்தானே குடிச்ச?"

"பயமா இருக்குடி."

மயிலம்மாள் நீளமான கம்பெடுத்து மட்டைக் குவியலைப் படபடவென்று அடித்தாள். எதுவும் அசையவில்லை. சாக்கை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். பஞ்சாலை உட்கார்ந்தாள். சரியாக அப்போது மோட்டார் சத்தம்.

"யோவ் மகேந்திரன்! அங்கயே நில்லு!" என்று கத்தினாள் மயிலம்மாள்.

"ஏன்க்கா? பாம்பா?" என்றான் மண்டோர்.

"தோட்ட ஆபீஸ் கிராணிகிட்டப் போய் இங்க ஒரு கக்கூஸ் வைக்கச் சொல்லு. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வா!"

மோட்டார் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. பஞ்சாலை எழுந்து, மூன்று மாதப் பழக்கத்தில், தரையைப் பார்த்தாள். ஈரமான சருகுதான். ரத்தம் இல்லை.

"முடிஞ்சுதா?"

"ம்."

"அப்ப நீ சாக்கப் பிடி. அந்தப் போத்தல இங்க குடு. எனக்கும் ரொம்ப நாளா கல்லாத்தான் போவுது."