இடப்பக்கத்து நிரை

"அம்மா, மூடின கண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று ஏஞ்சலா ஆறு வயதில் கேட்டாள். "ஆண்டவருக்குத்தான்" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிவிட்டாள் இசபெல். அந்தப் பிள்ளை இப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். றொசல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இசபெல் தனி ஆள்.

இடது கண் சிவந்தபோது ஆறிய தேயிலைச் சாயத்தை விட்டுக் கழுவினாள். லயத்தில் எல்லாரும் செய்வதுதான். சிவப்பு மங்கியது, பார்வையும் கூடவே மங்கியது. இடப்பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் ராக்காயி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் தெரியுதாக்கா?"

"தெரியாம என்னடி" என்றாள் இசபெல், இல்லாத கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே.

கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளந்தான். ஆனால் அவளுக்கு ஒருநாளும் அரைப்பேர் விழவில்லை. எடுத்ததைவிடக் கூடை கனத்தது. ஆண்டவர் செயல் என்று நினைத்துக்கொண்டாள்.

கண் இன்னும் இருண்டதும் தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். உள்ளே அழற்சி, கலங்கலில் எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டர். விழித்திரை கழன்றிருந்தால் பார்வை திரும்புவது கஷ்டம். ஸ்கேன் பண்ணித்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் அறையில் ஷாமிலா என்ற பெண் ஜெல் குழாயைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடேற்றினாள்.

"கண்ண மூடிக்கிட்டே மேல பாருங்கம்மா."

"மூடின கண்ணால எப்புடிங்க மிஸ் மேல பாக்குறது?"

"கூரையில பல்லி போகுதுன்னு நெனச்சுக்குங்க. ஐயோ, சிரிக்காதீங்க, படம் ஆடுது!"

இமைமேல் கருவி ஊர்ந்தது. இசபெல் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தாள். வெளியே பெஞ்சில் தனக்காக யாராவது உட்கார்ந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

டாக்டர் படத்தைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். ஷாமிலா தமிழில் சொன்னாள்: "திரை ஒட்டித்தான் இருக்கு. வீக்கம் மருந்துல வத்திரும். சாயத்த மட்டும் ஊத்தாதீங்க."

நல்ல செய்தியைச் சொல்ல ஆளில்லாமல், அதை மடியில் வைத்துக்கொண்டு வருவதுபோல பஸ்ஸில் வந்தாள்.

சில வாரங்களில் புகைமூட்டம் விலகியது. ஒருநாள் காலை, நிரையில் நின்றபோது, இடது கண்ணின் ஓரத்தில் ஒரு கை அசைந்தது. ராக்காயி தன் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி, இசபெலின் முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் கண் தெளிந்தது அவளுக்கு இன்னும் தெரியாது. இசபெல் திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் கை கூசிப்போகும்.

மழைக்காலத்தில் ராக்காயிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்க மெல்லக் கீழே இறங்கினாள். மற்றவர்களும் போய்விட்டார்கள். இசபெல் தன் கொழுந்தில் இரண்டு கை அள்ளி அந்தக் கூடையில் போட்டாள். குவிந்து தெரியாதபடி தட்டிவிட்டு, தன் நிரைக்குத் திரும்பினாள்.