மூன்று மணிக்கு அப்பா

இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஒரகடம் சாலைக்குத் திரும்பின. கடைசி பஸ்ஸிலும் அம்மா செந்தாமரை இல்லை. இசைவாணி அம்மாவின் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டருகே நின்றாள். வயிற்றுவலி என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள்.

தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் காலையிலேயே அம்மா அதை அவளிடம் கொடுத்திருந்தாள். மூன்று மணிக்கு அப்பா கூப்பிடுவார். பிறகு அவருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டு மேலே, பனிமலையில் இருக்கும் ராணுவ போஸ்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதம் பேச முடியாது.

"அங்கிள், எங்கம்மா இன்னும் வரல. செந்தாமரை. ரெண்டாவது லைன்."

செக்யூரிட்டி பிச்சையா இன்டர்காமை எடுத்தார். அவரும் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர்.

"சார், அந்தப் பொண்ணு வீட்டுக்காரரு பட்டாளத்துல இருந்து போன் பண்ணுதாராம். அஞ்சே நிமிசம்."

சூப்பர்வைசர் ராஜசேகரின் குரல் இவள் நின்ற இடம்வரை கேட்டது.

"அடுத்த ஷிப்ட்ல மூணு பேர் வரல. அந்தம்மாவுக்கு ஓவர்டைம். லைன் நின்னா நீ வந்து ஸ்க்ரூ போடுவியா? பட்டாளம்லாம் அங்க. இங்க நான் சொல்றதுதான் ஆர்டர். போவணும்னா போவட்டும், நாளைக்கு வர வேணாம்."

பிச்சையா ரிசீவரை வைத்தார். "உங்கம்மா லைனுக்கு நாலரைக்குத்தான் டீ, பாப்பா."

போன் அடித்தது. திரையில் அப்பா. காதுவரை கம்பளித் தொப்பி. பின்னால் லாரி உறுமியது.

"வாணிம்மா, அம்மா எங்க? வண்டி ரெடியா கீது. ரெண்டு நிமிசந்தான்."

மேலே போகும் நாளில் அப்பாவிடம் எந்தக் குறையும் சொல்லக் கூடாது. அம்மா பழக்கியது. போன வருடம் டெங்குவில் படுத்திருந்தபோது இசைவாணி ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

வேலிக்கு உள்ளே, ஷெட்டின் கீழ், வேறொரு லைன் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேர். எல்லோருக்கும் நீலத் தொப்பி, நீலக் கோட்டு. முகம் தெரியாத தூரம்.

"இங்கதாம்பா கீது. டீ குடிச்சிகினு. வெளிய வுட மாட்டாங்களாம். காட்டறேன்."

கேமராவை வேலிப் பக்கம் திருப்பினாள். பிச்சையா அதைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

"எல்லாம் ஒரே மாரி கீது. இதுல யாரு உங்கம்மா?"

"ஓரமா பாரு. தூண்கிட்ட."

இசைவாணி கையை உயர்த்தி ஆட்டினாள். தூணருகே நின்றவள் யாரென்று தெரியாமல் பதிலுக்குக் கையாட்டினாள்.

அப்பா சிரித்தார். "இன்னா, இப்டி எளச்சிட்டா?"

விசில் ஊதினார்கள். அந்தப் பெண் கப்பைக் கசக்கிப் போட்டுவிட்டு வரிசையோடு உள்ளே போனாள். திரையில் அப்பாவின் கையுறைக் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.