ஷாயிஸ்தா மிஸ்ஸுக்கு வந்த நோட்டீஸ்

ஷாயிஸ்தா எழுதிய பாட்டுகளை ஷாயிஸ்தாவே திருடிவிட்டாள் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தபோது அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். படித்து முடிக்கும்வரை கையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை.

அவை மகள் ஹனாவுக்காக எழுதியவை. 'ழ' வாயில் வராமல் குழந்தை அழுததைப் பார்த்து, எழுத்துக்கு நாலு வரிப் பாட்டும் ஒரு படமுமாக முப்பத்தொரு பக்கம் போட்டாள். பிற்பாடு பம்மலில் ஒரு நர்சரி பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, வகுப்பிலும் அதையே பாடினாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் பாடினார்கள். தாளாளர் ஷ்யாம்சுந்தர், "அதுல ஒரு காப்பி குடுங்க மிஸ், பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஜூனில் அது பளபளவென்று புத்தகமாக வந்தது. ஆசிரியர், ஷ்யாம்சுந்தர். உள்ளே, எந்தப் பகுதியை நகலெடுத்தாலும் சட்டப்படி குற்றம் என்று கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை வேறு.

அவள் நேரே போய்க் கேட்டாள்.

"நீங்க நம்ம ஸ்டாஃப்தானே மிஸ்? ஸ்டாஃப் செய்யறது ஸ்கூலுக்குத்தான் சொந்தம். சட்டமே அதான் சொல்லுது" என்றார் அவர், கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

அன்றே வேலையை விட்டாள். வீட்டில் டியூஷனுக்கு வந்த பிள்ளைகளுக்குத் தன் பழைய தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். அதற்குத்தான் இந்த நோட்டீஸ்.

"மன்னிப்பு எழுதிக் குடுத்துடு. எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றான் கணவன் சாஜித்.

"என் புள்ளைக்கு நான் எழுதினதுக்கு நான் மன்னிப்பு கேக்கணுமா?"

மறுநாள் சாஜித்தே அவளைத் தாம்பரத்தில் வக்கீல் சத்யப்ரியாவிடம் கூட்டிப்போனான்.

"எழுதின நிமிஷமே உரிமை உங்களுக்கு வந்துடுச்சு. பதிவு பண்ணித்தான் ஆகணும்னு இல்ல. ஆனா நாளைக்கு கோர்ட்டுல காட்ட ஆதாரம் வேணுமே" என்றார் வக்கீல். "அவர் சொல்றதும் முழுப் பொய் இல்ல. வேலையோட பாகமா செஞ்சது முதலாளிக்குப் போகும். நீங்க எப்போ எழுதினீங்க?"

"வேலையில சேர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி."

"அப்ப அதை நிரூபிக்கலாம்."

பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, விதிப்படி ஷ்யாம்சுந்தருக்கும் தகவல் அனுப்பினார்கள். யாராவது ஆட்சேபிக்க முப்பது நாள் அவகாசம். இருபத்தெட்டாவது நாள் ஷ்யாம்சுந்தரின் ஆட்சேபணை வந்தது. ஷாயிஸ்தா தன் ஊழியர் என்று காட்ட, அவளுடைய வேலை உத்தரவையும் இணைத்திருந்தார். அதிலிருந்த தேதியின்மேல் விரலை வைத்து சத்யப்ரியா சிரித்தார். அதற்கு இரண்டு வருஷம் முந்தியே, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து ஷாயிஸ்தா தன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

விசாரணை வீடியோவில் நடந்தது.

"இவங்க உங்ககிட்ட சேர்றதுக்கு முன்னாடியே இந்தப் பக்கங்கள் எப்படி இவங்க போன்ல இருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

ஷ்யாம்சுந்தர் நெட்வொர்க் சரியில்லை என்றார். கேள்வி மறுபடி வந்தது. அவர் கேமராவை அணைத்துவிட்டார்.

சில மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. ஆனால் குரோம்பேட்டைக் கடையில் அவர் பெயர் போட்ட புத்தகம் அப்படியே தொங்கியது. அதைப் பார்த்த ஷாயிஸ்தா நேரே வக்கீலிடம் போனாள்.

"சர்டிபிகேட் தானா நடந்து போய் அதை எடுக்காது. செங்கல்பட்டுல கேஸ் போட்டுத் தடை வாங்கணும். நாளாகும்" என்றார் சத்யப்ரியா.

"ஆகட்டும் மேடம்."

ஆனது. ஐந்து வாய்தாவுக்குப் பிறகு இடைக்காலத் தடை கிடைத்து, புத்தகம் கடைகளிலிருந்து இறங்கியது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஷ்யாம்சுந்தர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

போன வாரம் பிள்ளையைப் புதிதாக டியூஷனில் சேர்க்க வந்த ஒரு தாய் கேட்டாள். "ஷ்யாம்சுந்தர் சார் எழுதின பாட்டு புக்கு கடையில கிடைக்கலையாம் மிஸ். உங்ககிட்ட இருக்குதா?"

ஷாயிஸ்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. அது யார் எழுதினதுன்னு முதல்ல சொல்றேன்."